மேட்டு வீட்டுத் தண்ணி

வீடு பாக்க வந்தவுகளா? வாங்கக்கா. ஓனரம்மா விருதுநகர் வரைக்கும் போயிருக்காக. யாரும் வந்தா நீயே காட்டிரு மாரீசுன்னு சொல்லிட்டுத்தான் போனாக. இந்த நடு வீடு எங்க வீடு. நீங்க பாக்க வேண்டியது அந்தா, மேட்டுல இருக்கே, அது. தெறந்துதான் கிடக்கு. தரை, சுவரு, அடுப்படி எல்லாம் பழுதில்லாம இருக்கும். போயிப் பாருங்க.

பாத்துட்டீகளா? ஆமா, காத்து நல்லா வரும். வீட்டுல எத்தனை பேரு? நீங்க, அண்ணன், ரெண்டு புள்ளைக, மாமியாரு. அஞ்சு பேரா! நல்லதாப் போச்சு. துணி நெறைய விழும்.

சிரிக்காதீகக்கா. ஆளு கூடுனா தண்ணி பத்தாதுன்னு எல்லாரும் மூஞ்சியைச் சுளிப்பாக. இந்த ஊருலேயே குடிவர்ற வீட்டுல ஆளு கூடுதலா இருக்கணும்னு நினைக்கிறவ நான் ஒருத்திதான். ஏன்னு கேளுங்க. இப்படிப் பின்பக்கமா வாங்க, காட்டுறேன்.

இந்தா, இதுதான் என் தோட்டம். அப்படிப் பாக்காதீக. இப்ப இதைத் தோட்டம்னு சொன்னா எனக்கே சிரிப்பு வருது. நீங்க போன சித்திரையில வந்திருக்கணும். இந்த மூலையில நாலஞ்சு வாழை நின்னுச்சு. அந்தச் சுவரு ஓரமா கத்திரி, வெண்டை. இங்கன பூராவும் தண்டங்கீரை, அரைக்கீரை. ஊரே காஞ்சு கிடக்கையில என் வீட்டுப் பின்னால மட்டும் பச்சையா இருக்கும். குழாய்த் தண்ணி வாரத்துக்கு ஒருக்க வந்தா அதிசயம். போரு தண்ணி உப்பு. அப்புறம் எப்படிப் பச்சைன்னு வர்றவுக போறவுக எல்லாம் கேப்பாக. துணி அலசுன தண்ணிதான்க்கா! வேற என்ன, எங்க அப்பன் வீட்டுச் சீரா கொண்டாந்தேன்?

எங்க வீட்டுக்காரரு பைக் மெக்கானிக்கு. அவரு சட்டையைத் துவைச்சா வாளியில இருக்கிறது தண்ணியா, தாரான்னு தெரியாது. எங்க வீட்டுக் கத்திரிக்காய் மட்டும் ஏன் இம்புட்டுக் கறுப்புன்னு நான் அவரைக் கேலி பண்ணுவேன். எம்மக தர்ஷினிக்கு அப்ப ஒன்றரை வயசு. ஒரு நாளைக்கு எத்தனை துணியை நனைப்பாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம். அந்தத் தண்ணி பூராவும் சும்மா ஓடிப் போச்சேன்னு எனக்கு வயிறு எரியும். குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவளுக்குத்தானே தெரியும் அந்த எரிச்சல்.

நானாப் பாத்துப் பாத்துப் படிச்சதுதான். பவுடரு போட்ட தண்ணியைத் தொடர்ந்து விட்டா மண்ணு மேல வெள்ளையாப் பூத்துப் போகும், செடி கருகிரும். கட்டிச் சோப்புன்னா பரவாயில்ல. மொத அலசு, நுரைத் தண்ணி, அது வாழைக்கு. வாழை எதைக் குடுத்தாலும் குடிச்சிரும், எங்க வீட்டுக்காரரு மாதிரி. பின்னால அலசுற தெளிஞ்ச தண்ணி காய்க்கும் கீரைக்கும். இலையில படாம தூருல விடணும். நடுவுல அந்தக் குழி தெரியுதா? செங்கல் சல்லி, கரி, மணலு எல்லாம் அடுக்கி வச்சது. தண்ணி அதுல இறங்கி வந்தா நுரை பாதி அங்கேயே நின்னுரும்.

ஆனா அக்கா, உள்ளதைச் சொல்லணும். எங்க மூணு உசுரு துணியை வச்சுக்கிட்டு இம்புட்டுத் தோட்டம் வளக்க முடியுமா? முடியாது. மேட்டு வீட்டுத் தண்ணிதான் பாதிக்கு மேல. நிலம் அங்க இருந்து இப்படிச் சரியுது பாருங்க. அந்தத் துவைகல்லுல ஒரு வாளியைக் கவுத்தா, யாரும் தள்ள வேண்டாம், இந்த வாய்க்கால் வழியா அதுவா ஓடி வந்து என் வாழைத் தூருல உக்காந்துக்கிடும்.

அங்க குடியிருந்தவ பேரு வேலுத்தாய். வேலுத்தாய் மதினின்னு கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். வந்த புதுசுல என்ன வேலைன்னு கேட்டப்ப முனிசிபாலிட்டியிலன்னு சொன்னா. விடியக் காலம் போவா, கட்டுன சேலை கசங்காம, கையில டிபன் பையோட. மத்தியானம் வருவா. நான் ஆபீசுல என்னமோ எழுதுற வேலைன்னு நெனச்சுக்கிட்டேன். அவளும் இல்லைன்னு சொல்லல. ஏமாத்துனாளா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

வந்த உடனே குளிப்பா. தலைக்கு ஊத்துவா, தினமும். கட்டுன சேலை, புருசன் சட்டை, புள்ளை துணி எல்லாத்தையும் அன்னன்னைக்கே துவைச்சிருவா. அழுக்குத் துணியைச் சேத்து வைக்கிற பழக்கமே கிடையாது. அப்படி ஒரு சுத்தம். நான் இங்கன கீழ நின்னு, "மதினி, இன்னைக்கு என்ன, தண்ணி வரத்து கம்மியா இருக்கு, உங்க மகன் ஒண்ணுக்குப் போகலையா"ன்னு கத்துவேன். அவ அங்கன இருந்து, "போர்வையை நனைச்சிருக்கான் தாயி, உனக்கு இன்னைக்கு வெள்ளம்தான்"னு சொல்லுவா. ரெண்டு பேரும் அப்படிச் சிரிப்போம். அவ மகன் விமலு, எம்மகளை விட ரெண்டு வயசு மூத்தவன். அந்த வாய்க்கால்ல இலையைக் கிள்ளி அவன் அங்க இருந்து விட, இவ இங்க நின்னு பிடிக்க, ஒரே கூத்தா இருக்கும். வேலுத்தாயும் கீரை பறிச்சுக்கிடுவா. நானும் ஆக்கி ஆக்கி எம்மகளுக்கு ஊட்டுனேன். நல்லாத்தான் தின்னா. நல்லாத்தான் வளந்தா.

தெரியாம இருந்த வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

வைகாசியில ஓனரம்மா மகளுக்குச் சடங்கு வச்சாக. பெரிய விசேசம், பந்தல், ரேடியோ, எல்லாம். நமக்கு அவுக எம்புட்டோ செஞ்சிருக்காக, அட்வான்சு இல்லாம வீடு குடுத்தாக, நாம என்னத்தைச் செய்யன்னு யோசிச்சேன். வாழை நிக்குது, பொன்னாட்டம் எலை. காத்துக்குக் கிழியாம நான் குச்சி நட்டுக் கட்டிக் காப்பாத்துன எலை. பதமா அறுத்து, ஈரத்துணியில தொடைச்சு, சுருட்டிக் கட்டி, முந்துன நாளு சாயந்தரமே கொண்டு போயிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாக. "அங்கன வையி"ன்னாக. வச்சிட்டு வந்தேன்.

மறுநா நான் விடிஞ்சதுல இருந்து அங்கதான். காய் நறுக்க, ஏனம் கழுவ, அவுக சொந்தக்காரங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க. சொந்த வீட்டுக்காரி மாதிரி. கையில நெறைய வேலை இருந்ததால நான் கடைசிப் பந்திதான். ஓனரம்மாவே, "நீ கடைசியில உக்காரு மாரீசு, நீ நம்மாளு"ன்னாக. உக்காந்தா பேப்பர் எலை போடுதாக. எலை தீந்து போச்சாம். "எதுக்குத் தீரணும், என் எலை அம்புட்டு இருக்குமே"ன்னு எந்திரிச்சு எடுக்கப் போனேன்.

சமையக்கட்டுக்குப் பின்னால ஆடு தின்னுக்கிட்டு இருந்துச்சுக்கா. கட்டுன கட்டைக் கூட அவுக்கல. ஓலை நாரால நான் கட்டுன முடிச்சு, அப்படியே. ஆடு ஓரத்துல இருந்து கடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எத்தனை வாளித் தண்ணி! என் கையி, என் முதுகு! வாய் சும்மா இருக்குமா, நேரா ஓனரம்மாகிட்டப் போயி, "என்னக்கா இது, ஆட்டுக்கா குடுத்தேன்"னு கேட்டுட்டேன். அவுக பந்தியைப் பாக்கத் திரும்பிக்கிட்டாக. அவுக சித்தி மக ஒருத்தி, தங்கமுத்துன்னு பேரு, பட்டும் படாமச் சொல்லுதா: "துணி அலசுன தண்ணியில வளந்த எலைன்னு சொன்னாகளே." நான் சொன்னேன், "துணி தண்ணின்னா என்ன, மண்ணு எல்லாத்தையும் வடிச்சிரும்ல, எலை எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்க." அதுக்கு அவ, "யாரு துணின்னு ஒண்ணு இருக்குல்ல. உங்க மேட்டு வீட்டுக்காரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சாக்கடை அள்ளிக்கிட்டு நின்னாளே, நான் பாத்தேன். அந்தத் தண்ணியில வந்த எலையில எங்க மாமன் மச்சான் உக்காந்து சாப்பிடுறதா?"

எனக்குத் தெரியாதேன்னேன். சத்தியமாத் தெரியாதுக்கா. "தெரியாமலா வருசம் பூராவும் கீரை கடைஞ்சு தின்ன"ன்னு கேட்டா அவ. பந்தியில இருந்தவுக எல்லாம் சிரிச்சாக. என் புருசனும் சோத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மக மடியில இருக்கா. அப்படியே பூமி பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

யாரால வந்துச்சு எனக்கு அந்த அவமானம்? வேலுத்தாயாலதானே? இதான் வேலைன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்தத் தண்ணியைத் தொட்டிருப்பனா? என் எலையை ஆடு தின்னுருக்குமா? ஓனரம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவுக சாயந்தரம் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக: "நானாப் போகச் சொன்னா நாளைக்குக் கேஸு கீஸுன்னு ஆகிரும் மாரீசு. நீ பக்கத்துலயே இருக்கவ, உனக்குத் தெரியாதா எப்படி நடந்துக்கிடணும்னு." என்னை நம்பித்தானே அப்படிச் சொன்னாக. எல்லாருகிட்டயுமா சொல்லுவாக?

மறுநாளே எங்க வீட்டுக்காரரை ஒரு சட்டி சிமெண்டு வாங்கியாரச் சொன்னேன். "எதுக்கு"ன்னாரு. சொன்னேன். "உனக்கு வேற சோலி இல்லையா, வளந்த தோட்டம்தானே"ன்னு மொணங்குனாரு. "உங்க மக தின்ற கீரை"ன்னேன். அப்புறம் போயி வாங்கியாந்தாரு. வாய்க்கால் நம்ம எல்லைக்குள்ள வர்ற எடத்துல, இங்கனதான், செங்கல்லை வச்சுப் பூசி அடைச்சேன். நானேதான் பூசுனேன். கீரையைப் பூரா பிடுங்கி எறிஞ்சேன். கத்திரியையும் பிடுங்குனேன். வாழையை மட்டும் வெட்டல. ஒண்ணு குலை தள்ளியிருந்துச்சு, எப்படி வெட்ட? அது பழுத்துச்சு, தின்னோம். நல்ல ருசி. பழம் அம்புட்டு உசரத்துல காய்க்குது, தண்ணி கீழதானே கிடக்குது.

நான் சாதி கீதி பாக்கிறவ இல்லக்கா. அதை மட்டும் தப்பா எடுத்துக்கிடாதீக. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஒரே பெஞ்சுலதான் உக்காந்தோம். இது சுத்தம் சம்பந்தப்பட்டது. அவ சட்டை எங்கெங்க எல்லாம் இறங்குற சட்டை? சாக்கடைக்குப் போடுற முனிசிபாலிட்டிக் கோட்டை அங்கேயே துவைச்சுக் காயப் போட்டுட்டு, வேற சேலை மாத்திக்கிட்டுத்தான் வருவேன்னு அப்புறமாச் சொன்னா. சொல்லுவா. யாரு போயிப் பாத்தா?

நான் பூசுன அன்னைக்கு மத்தியானம் அவ துவைக்க உக்காந்தா. தண்ணி போகாமத் திரும்பி வந்து அவ கால்லயே நிக்கவும் எட்டிப் பாத்தா. "மாரீசு, வாய்க்கால்ல என்னமோ அடைச்சிருக்கு பாரு தாயி." "அடைக்கல, பூசியிருக்கு"ன்னேன். "யாரு?" "ஓனரம்மா பூசச் சொன்னாக." என் கையில சிமெண்டு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. அதைப் பாத்தாளா, என் மூஞ்சியைப் பாத்தாளா தெரியல. அப்புறம் சொன்னா: "ஊருத் தண்ணியை எல்லாம் போக விடுறவ நான். என் வீட்டுத் தண்ணிக்குத்தான் போக வழி இல்லையா?"

திமிருதானே அது? உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். அதோட மதினின்னு கூப்பிடுறதும் நின்னுச்சு.

கொஞ்ச நாளு வாளி வாளியாத் தூக்கித் தெருவுக்குக் கொண்டு போயி ஊத்துனா. முன்வாசல்ல ஈரம் கிடக்குதுன்னு ஓனரம்மா சத்தம் போட்டாக. பெறகு அவளும் என்னதான் செய்வா, வேலைக்குப் போயிட்டு வந்து எத்தனை வாளி தூக்குவா, துவைகல்லுக்குப் பின்னாலேயே விட்டுட்டா. அது தேங்கி, பச்சை படிஞ்சு கிடந்துச்சு. ஐப்பசி மழை வேற சேந்துக்கிடுச்சு. அந்த வீட்டுல சாயந்தரமானா வேப்பிலைப் புகை போட்டபடியே இருப்பாக. இங்க வரைக்கும் புகை வரும், எம்மக இருமுவா. ஒரு நா அவ புருசன் கடப்பாரையை எடுத்துக்கிட்டு வந்தாரு, அடைப்பை உடைக்க. நான் போட்ட சத்தத்துல ஓனரம்மா வந்துட்டாக. "கை வச்சே, போலீசுக்குப் போவேன்"னாக. வேலுத்தாய்தான் அவரு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. அவளுக்கு வீடு வேணும்ல. வேற யாரு குடுப்பா?

கார்த்திகையில அவ மகனுக்குக் காய்ச்சல். கொசுக் காய்ச்சல்னாக. கொசு எல்லா வீட்லயும்தான்க்கா இருக்கு. எங்க வீட்டுல இல்லையா? எம்மகளைக் கடிக்கலையா? என்னமோ நான் வளத்து விட்ட கொசு மாதிரி, எதிர்த்த வீட்டுக் கிழவி ஒண்ணு என்கிட்டயே வந்து, "அந்தத் தண்ணியைத் தெறந்து விட்டுருக்கலாம்ல"ன்னு கேக்குது. அந்தக் கிழவி வீட்டுத் தோட்டத்துல மட்டும் எத்தனை கொசு! ஆளைப் பாத்துப் பேசுறாக.

அவ்வளவுதான். அவுக போயிட்டாக. ஓனரம்மா வீட்டைக் கழுவி, வெள்ளை அடிச்சு, அந்தக் குட்டையில மண்ணு போட்டு மூடிட்டாக. இப்ப மாசி. எங்க வீட்டுத் தண்ணி வாழைக்கே பத்தல. எம்மகளும் வளந்துட்டா, முன்ன மாதிரி துணியை நனைக்க மாட்டேங்குறா. அந்த ஒரு கன்னு மட்டும் நிக்குது, அதுவும் குருத்து சுருண்டு போச்சு. இந்த வாரத்துக்குள்ள அந்த வீட்டுக்கு ஆளு வந்தா அதைப் பிழைக்க வச்சிருவேன். அதான் நேத்தே அடைப்பை உடைச்சு எடுத்துட்டேன். பாருங்க, வாய்க்காலைக் கூடப் பெருக்கி வச்சிருக்கேன். நீங்க அஞ்சு பேரு துணியை அலசிக் கவுத்தாப் போதும், ஆடிக்குள்ள உங்களுக்கும் சேத்துக் கீரை. பறிச்சுக்கிடுங்க, யாரு கேக்கப் போறா.

என்ன கேக்கீக? எந்தப் புள்ளை? ஓ, விமலுவா?

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. ஆட்டோவுல அவதான் மடியில வச்சிருந்தா. போர்வையைச் சுத்தி இருந்துச்சு, மூஞ்சி தெரியல. அதுக்கப்புறம் அவ இந்தப் பக்கம் வரல. ரெண்டு வாரம் கழிச்சு அவ புருசன் மட்டும் வண்டியோட வந்து சாமானை ஏத்துனாரு.

இல்லக்கா, கேக்கல.

துணி அலசிக்கிட்டு இருந்தேன். அவரு இந்த வழியாத்தான் போனாரு, வந்தாரு, போனாரு. அவரும் ஒண்ணும் சொல்லல. எம்மக கூட, "விமலு எங்க மாமா"ன்னு கேட்டா. அவரு நின்னாரு. நான்தான் புள்ளையை உள்ள கூப்பிட்டுக்கிட்டேன். கேட்டு, அவரு என்னத்தையாச்சும் சொல்லிட்டாருன்னா? நல்லாத்தான் இருக்கும். புள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், போகும். எங்கிட்டாச்சும் நல்லா இருக்கட்டும்.

அதை விடுங்கக்கா. ஏன் எந்திரிச்சிட்டீக? வெயில் தாழப் போகலாம், உக்காருங்க. வீடு உங்களுக்குத்தான், ஓனரம்மாகிட்ட நான் சொல்லிருதேன், நான் சொன்னாக் கேப்பாக. அவுக ஒண்ணே ஒண்ணுதான் விசாரிப்பாக. எனக்கு அதெல்லாம் கிடையாது, அவுகளுக்குச் சொல்லணுமேன்னுதான் கேக்கேன்.

உங்களுக்குக் குலசாமி எதுக்கா?